கத்தோலிக்கப் பள்ளியில் பிளஸ் 2 வழியனுப்பு விழா: முதன்முறை பொறுப்பேற்கும் ஆசிரியருக்கு

வழியனுப்பு விழாவின் உயிர் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. பள்ளியை விட்டுப் போகும் ஒவ்வொரு பிள்ளையும் பெயர் சொல்லி அழைக்கப்பட்டு, தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கப்பட வேண்டும். திருப்பலி, மெழுகுதிரி, நடனம், பிரியாணி எல்லாம் அதைச் சுற்றி அமைபவை. ஆனால் நேரம் போதாமல் போனால் முதலில் வெட்டுப்படுவதும் இந்தப் பெயர் அழைப்புதான். சிறப்பு விருந்தினர் நாற்பது நிமிடம் பேசியிருப்பார். பிள்ளைகள் "எல்லாரும் எழுந்து நில்லுங்க" என்ற ஒரே வரியில் மொத்தமாக ஆசீர் பெற்று உட்காருவார்கள். அதனால் நிகழ்ச்சி நிரல் எழுதும்போது பெயர் அழைப்புக்கு முதலில் நேரம் ஒதுக்குங்கள். மிஞ்சிய நேரத்தை மற்றவை பங்கு போட்டுக்கொள்ளட்டும்.

கீழே உள்ள கணக்குகள் தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டப் பள்ளி ஒன்றில் மூன்று பிரிவுகள், 120 மாணவர்கள் என்று வைத்துக்கொண்டு போட்டவை.

நாள் குறிப்பது

பிளஸ் 2 பொதுத்தேர்வு மார்ச் முதல் வாரத்தில் தொடங்குகிறது (2025இல் மார்ச் 3, 2026இல் மார்ச் 2). பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு. ஆகவே பொங்கல் விடுமுறை முடிந்து செய்முறைத் தேர்வு தொடங்கும் வரையுள்ள நாட்கள்தான் கையில் இருக்கின்றன. ஜனவரி கடைசி வாரமோ பிப்ரவரி முதல் வாரமோ பொருந்தும். அதைத் தாண்டினால் பிள்ளைகளின் மனம் விழாவில் இருக்காது, இயற்பியல் ரெக்கார்டு நோட்டில் இருக்கும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன். 2026இல் அது பிப்ரவரி 18. 2027இல் பிப்ரவரி 10. 2028இல் மார்ச் 1. தவக்காலம் தொடங்கிவிட்டால் திருப்பலியில் 'உன்னதங்களிலே' என்ற புகழ்ப்பாடல் கிடையாது, அல்லேலூயா கிடையாது, பீடத்தில் பூ வைக்கக் கூடாது, இசைக்கருவிகளும் பாட்டைத் தாங்கிப் பிடிக்கும் அளவுக்கு மட்டுமே. அதே நாளில் மேடையில் நடனமும் கோழிப் பிரியாணியும் வைத்தால் காலையும் மதியமும் ஒன்றுக்கொன்று முரணாக நிற்கும். கூடவே, இப்போது சில ஆண்டுகளாக ரமலான் நோன்பும் இதே நாட்களையொட்டி வருகிறது. 2026இல் இரண்டும் ஒரே வாரத்தில் தொடங்கின. முஸ்லிம் பிள்ளைகள் சாப்பிட முடியாத நாளில் விருந்து வைக்காதீர்கள். வெள்ளிக்கிழமை எப்போதுமே வேண்டாம்: அவர்களுக்கு ஜும்ஆ தொழுகை, கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவற்றில் இறைச்சி தவிர்க்கும் நாள். தைப்பூசத்துக்கு மாலை போட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்பதையும் வகுப்பாசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வாரங்களில் நல்ல திருநாட்கள் உண்டு. ஜனவரி 31 புனித தொன் போஸ்கோ. சலேசிய சபைப் பள்ளிகளில் அன்று ஏற்கெனவே விழா இருக்கும். பிப்ரவரி 2 ஆண்டவரைக் காணிக்கையாக அர்ப்பணித்த விழா, ஆலயத்தில் மெழுகுதிரிகள் மந்திரிக்கப்படும் நாள். விழாவுக்கு வாங்கிய திரிகளை அன்று ஒரு பெட்டியில் ஆலயத்துக்குக் கொண்டுபோய் மந்திரித்து வாங்கி வைத்துவிடலாம். பிப்ரவரி 4 ஓரியூரில் உயிர் கொடுத்த புனித அருளானந்தர் திருநாள். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துப் பள்ளிகளில் இந்த நாளுக்கு அருகே விழா வைத்தால் மறையுரைக்குப் பொருள் தேடி அலைய வேண்டியதில்லை.

சனிக்கிழமை பெற்றோருக்கு வசதி. தினக்கூலிக்குப் போகிறவர்கள் அன்றும் கூலியை விட்டுத்தான் வருவார்கள். ஆகவே அவர்களுக்கு உரிய பகுதியை முற்பகலிலேயே முடித்து, எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்பதை அழைப்பிதழிலேயே போட்டுவிடுங்கள்.

திருப்பலியும் பொது வழிபாடும்

நம் பள்ளிகள் பலவற்றில் கத்தோலிக்கப் பிள்ளைகள் சிறுபான்மை. எல்லாரையும் திருப்பலியில் உட்கார வைத்து, நற்கருணை (திருப்பலி அப்பம்) வழங்கும் நேரத்தில் முக்கால்வாசிப் பேரைச் சும்மா பார்க்க விடுவதைவிட, இரண்டாகப் பிரிப்பது நல்லது. காலை 8 மணிக்குச் சிற்றாலயத்தில் திருப்பலி: கத்தோலிக்கப் பிள்ளைகள், வர விரும்பும் மற்றவர்கள். 10 மணிக்கு அரங்கில் எல்லாருக்குமான வழிபாடும் ஆசீரும். பெயர் அழைப்பு இந்த இரண்டாவதில்தான் வர வேண்டும். மதம் பார்த்து ஆசீர் கொடுத்ததாக ஒரு பிள்ளைக்குக்கூடத் தோன்றக் கூடாது.

எல்லாரும் சேர்ந்தே திருப்பலி என்று தாளாளர் முடிவு செய்தால், நற்கருணைக்கு முன் வழிகாட்டுபவர் ஒரு வரி சொல்ல வேண்டும்: "நற்கருணை வாங்காதவர்கள் வரிசையில் வந்து, இரு கைகளையும் மார்பின்மேல் குறுக்காக வைத்துக்கொள்ளுங்கள், ஃபாதர் ஆசீர்வதிப்பார்." சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), பெந்தெகொஸ்தே போன்ற மற்றக் கிறிஸ்தவ சபைப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். இதை முந்தின நாளே வகுப்பில் செய்து காட்டுங்கள். வரிசையில் வந்து நின்றபிறகு தெரியாமல் கை நீட்டும் பிள்ளையை அங்கே திருப்பி அனுப்பினால் அந்த அவமானம் வெகுநாள் போகாது.

அரங்கிலேயே திருப்பலி வைத்தால் தேவைப்படுபவை: அசையாத மேசை, வெள்ளை விரிப்பு, பாடுபட்ட சிலுவை, இரண்டு திரிகள், திருப்பலிப் புத்தகம், வாசக நூல், கிண்ணம், அப்பத் தட்டு, திராட்சை இரசம், தண்ணீர், கை கழுவக் கிண்ணமும் துண்டும். கோவில் வேலைகளைக் கவனிக்கும் உபதேசியாரிடம் பட்டியலைக் கொடுத்து முந்தின நாள் மாலையே எடுத்து வையுங்கள். அப்பங்களை வகுப்புவாரியாக எண்ணிச் சொல்லுங்கள். ஆசிரியர்களையும் பெற்றோரையும் சேர்த்து ஒரு பத்து கூடுதலாக இருக்கட்டும். அரங்கில் நற்கருணையைப் பாதுகாத்து வைக்கும் பேழை கிடையாது என்பதால் நிறைய மிஞ்சினால் ஆலயத்துக்குப் பத்திரமாகக் கொண்டுபோக வேண்டிவரும். ஒப்புரவு அருட்சாதனத்துக்கு (பாவசங்கீர்த்தனம்) முந்தின நாள் மதியம் இரண்டு குருக்களைக் கேட்டுவையுங்கள். அன்றைக்கே காலையில் வைத்தால் எல்லாம் தள்ளிப்போகும்.

காணிக்கைப் பவனியில் பாடப்புத்தகம், கால்பந்து, கோப்பை, அடையாள அட்டை என்று ஒவ்வொன்றுக்கும் விளக்கவுரை வாசித்துக்கொண்டு பீடத்துக்குக் கொண்டுவரும் வழக்கம் பல இடங்களில் ஊறிவிட்டது. அதை நிறுத்தலாம். காணிக்கை என்பது கொடுப்பது. திரும்ப எடுத்துப்போகும் பந்து காணிக்கை ஆகாது. அப்பம், இரசம், அவற்றோடு வகுப்புக்கு ஒரு மூட்டை அரிசி அல்லது புது நோட்டுக் கட்டு. திருப்பலி முடிந்ததும் பங்கில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையிடம் ஒப்படைத்தால் உரியவர்களுக்குப் போய்ச் சேரும்.

வாசகங்கள்

திருப்பலிக்கு அன்றைய நாளின் வாசகமா, வேறு தேர்ந்தெடுக்கலாமா என்பதை ஃபாதர்தான் சொல்ல வேண்டும். பாடகர் குழு பாட்டைப் பழகத் தொடங்குமுன் கேட்டுவிடுங்கள். பொது வழிபாட்டுக்கு நீங்களே தேர்ந்தெடுக்கலாம். யோசுவா 1:7–9 துணிவு பற்றியது. 1 அரசர் 3:5–12இல் இளம் சாலமோன் செல்வத்தைக் கேட்காமல் ஞானத்தைக் கேட்கிறான். தேர்வுக்குப் போகும் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமானது அரிது. நட்புக்கு சீராக் 6:14–17. ஒளியேற்றும் சடங்குக்கு மத்தேயு 5:14–16. முடிவில் ஆசீருக்கு எண்ணிக்கை 6:24–26.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சீராக் நூல் சீர்திருத்த சபையினரின் விவிலியத்தில் இல்லை. சி.எஸ்.ஐ. பிள்ளை வீட்டு வேதாகமத்தைப் புரட்டிப் பயிற்சி எடுக்கப் பார்த்துக் கிடைக்காமல் திகைக்கும். யார் வாசித்தாலும் கத்தோலிக்கப் பதிப்புத் திருவிவிலியத்திலிருந்து பக்கத்தை நகலெடுத்து ஒரு வாரம் முன்பே கையில் கொடுங்கள்.

மன்றாட்டுகள் ஐந்து போதும், ஒவ்வொன்றும் ஒரே வாக்கியம். பிளஸ் 2 பிள்ளைகளுக்கு, பெற்றோருக்கு, ஆசிரியர்களுக்கும் பள்ளிப் பணியாளர்களுக்கும், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி வேலைக்குப் போன வகுப்புத் தோழர்களுக்கு, இறந்துபோன ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும். நான்காவதை விட்டுவிடாதீர்கள். ஆறாம் வகுப்பில் கூட உட்கார்ந்திருந்த பிள்ளை இன்று எங்கே என்று இவர்களுக்குத் தெரியும்.

பெயர் அழைப்பு

வருகைப் பதிவேட்டை அப்படியே வாசிக்கக் கூடாது. பதிவேட்டில் பெயர் ஆங்கிலத்தில் இருக்கும். தரணியைத் 'தாரணி' ஆக்குவதும் காவியாவைக் 'கவியா' ஆக்குவதும் அங்கேதான் நடக்கிறது. ஒரு தாளைப் பிரிவுக்குள் சுற்றவிட்டு, வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படியே தமிழில் அவரவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். முதலெழுத்துக்குப் பதிலாக அம்மா, அப்பா பெயரை முழுதாகச் சேர்க்க விரும்புகிறார்களா என்றும் கேளுங்கள். யார் பெயரைச் சேர்ப்பது, யார் பெயரை விடுவது என்பது பிள்ளையின் விருப்பம். காரணம் கேட்க வேண்டாம். தொழிற்பிரிவு மாணவர்கள், இடையில் வந்து சேர்ந்தவர்கள், நீண்ட நாள் வராதவர்கள் ஆகியோரின் பெயர்கள் இருக்கின்றனவா என்று அலுவலகப் பட்டியலோடு சரிபாருங்கள்.

ஒரே இடத்தில் ஆசீர் என்றால் ஒருவருக்கு 20 வினாடி, மொத்தம் 40 நிமிடம். மேடைக்குக் கீழே இரண்டு இடங்கள் வைத்து, ஒன்றில் தாளாளரும் மற்றதில் தலைமையாசிரியரும் நின்றால் 25 நிமிடத்தில் முடியும். மேடை ஏற வைக்காதீர்கள். சேலை கட்டிய பிள்ளைகளுக்குப் படி தடுக்கும், சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கு ஏறவே வழி இருக்காது. பெயரை வாசிப்பவர் வகுப்பாசிரியராகவே இருக்கட்டும். அவர் குரலில்தான் அந்தப் பெயர் இரண்டு வருடம் ஒலித்திருக்கிறது.

பெற்றோர் வந்திருந்தால் பிள்ளையோடு நடந்து வந்து, அவர்களும் தலையில் கை வைக்கட்டும். விடுதிப் பிள்ளைகளின் பெற்றோர் பெரும்பாலும் வர முடியாது. அவர்களோடு நடக்க விடுதிக் காப்பாளரையோ அந்தப் பிள்ளைக்குப் பிடித்த ஆசிரியரையோ முந்தின நாளே பெயர் குறித்து ஏற்பாடு செய்துவிடுங்கள். அந்த நேரத்தில் "யாராவது கூட வாங்க" என்று ஒலிபெருக்கியில் கூப்பிடுவது பிள்ளையைத் தனியாளாகக் காட்டிவிடும்.

கட்டணப் பாக்கி பற்றிய பேச்சு அன்று எந்த வடிவிலும் எழக் கூடாது. பாக்கி வைத்த பிள்ளையின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொன்னால், மறுத்துச் சொல்ல வேண்டியது உங்கள் பொறுப்பு.

ஒளியேற்றும் சடங்கு

பார்க்க அழகானது இதுதான், ஆபத்தானதும் இதுதான்.

பாஸ்கா (உயிர்ப்புப் பெருவிழா) திரியிலிருந்து நெருப்பெடுத்தால் பொருத்தமாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பாஸ்கா காலம் முடிந்தபின் அந்தத் திரி திருமுழுக்கின்போதும் அடக்கத் திருப்பலியின்போதும் மட்டுமே ஏற்றப்படும். ஆகவே அது வேண்டாம். பீடத்துத் திரியிலிருந்தோ, அரங்கில் தனியாக வைத்த ஒரு பெரிய திரியிலிருந்தோ எடுங்கள்.

கைத்திரி கட்டைவிரல் பருமனும் முக்கால் அடி நீளமும் இருக்கட்டும். மெல்லிய திரி கைச்சூட்டிலேயே வளையும். 120 பேருக்கு 140 வாங்குங்கள். மெழுகு கையில் சொட்டாமல் இருக்க, கெட்டிச் சார்ட் அட்டையில் 10 செ.மீ. விட்டத்துக்கு வட்டம் வெட்டி, நடுவில் பிளேடால் கூட்டல் குறி கீறி, திரியை அதன் வழியே நுழையுங்கள். துளை போட்டால் அட்டை நழுவி இறங்கும்; கீறினால் இறுகப் பிடிக்கும். காகிதக் கப் வேண்டாம். காற்றைத் தடுக்கும் என்றாலும், சுடர் கப்பின் விளிம்புக்குக் கீழே இறங்கினால் கப்பே பற்றிக்கொள்ளும்.

ஒருவர் பின் ஒருவராக 120 பேரும் பற்றவைத்தால் பத்து நிமிடத்துக்கு மேல் போகும். முதலாவது பிள்ளையின் திரி பாதி கரைந்திருக்கும். பத்துப் பேர் கொண்ட பன்னிரண்டு வரிசைகளாக நிற்க வைத்து, வரிசையின் முதல் ஆளுக்கு மட்டும் பிளஸ் 1 மாணவர் ஒருவர் சுடரைக் கொண்டுவரட்டும். எரிகிற திரி நிமிர்ந்தே இருக்க வேண்டும். எரியாத திரிதான் சாய வேண்டும். மாற்றிச் செய்தால் உருகிய மெழுகு அடுத்தவர் கையில் கொட்டும். இதை எரியாத திரியோடு இரண்டு முறை ஒத்திகை பாருங்கள்.

வரிசைகளுக்கு நடுவே குறைந்தது மூன்றடி. தாவணி, துப்பட்டா, சேலை முந்தானை எல்லாம் பின் குத்தி இடுப்பில் செருகியிருக்க வேண்டும். விரித்த கூந்தலும் தொங்கும் பூச்சரமும் முன்பக்கம் வரக் கூடாது. செயற்கை நூல் சேலை பற்றினால் உருகித் தோலில் ஒட்டும் என்பதைப் பிள்ளைகளிடம் நேராகச் சொல்லுங்கள். மின்விசிறிகளை நிறுத்துங்கள். அலங்காரத்துக்குக் காற்றில் மேலே மிதக்கும் பலூன் வேண்டவே வேண்டாம். கடைகளில் ஹைட்ரஜன் நிரப்பித் தரும் பலூன் சுடர் பட்டால் வெடித்து எரியும். கீற்றுப் பந்தலுக்குக் கீழே இந்தச் சடங்கைச் செய்யவே கூடாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கூரை பற்றி 94 குழந்தைகள் இறந்தார்கள். தமிழ்நாட்டுப் பள்ளி ஆசிரியர் எவரும் நெருப்பைக் கையில் எடுக்கும்போது அதை மறக்கக் கூடாது.

நான்கு மூலைகளிலும் மணல் வாளி, ஒவ்வொன்றின் அருகிலும் ஓர் ஆசிரியர். சுடர் கையில் இருப்பது நான்கு நிமிடம். ஒரு வாசகம், ஒரு பாட்டு, ஓர் உறுதிமொழி. முடிந்ததும் ஊதி அணைக்காமல் மணலில் குத்தி அணைக்கட்டும். ஊதினால் மெழுகு எதிரில் நிற்பவர் முகத்தில் தெறிக்கும். கையில் சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். பற்பசை, மை எதுவும் தடவ வேண்டாம்.

அணைப்பதற்கு முன், பள்ளியின் எஸ்.பி.எல். (பள்ளி மாணவர் தலைவர்) பள்ளிக் கொடியையும் ஒரு விளக்கையும் பிளஸ் 1 மாணவர் தலைவரிடம் ஒப்படைப்பது வழக்கம். இதற்குப் பேச்சு வேண்டாம். ஒரு நிமிடம் போதும்.

நிகழ்ச்சி நிரல்

9 மணி முதல் 9.45 வரை குழுப்படம், ஒரு பிரிவுக்குப் பதினைந்து நிமிடம். பெஞ்சுகளை முன்பே போட்டு, உயர வரிசையை முந்தின நாளே நிற்க வைத்துப் பார்த்துவிட்டால் வெயில் ஏறுமுன் முடியும். பிள்ளைகளின் கண்ணில் வெயில் படாமல் நிழல் உள்ள பக்கமாக நிறுத்துங்கள்.

10 மணிக்குத் தமிழ்த்தாய் வாழ்த்து. அதற்கு 55 வினாடி, எல்லாரும் நிற்க வேண்டும். பிறகு வாசகமும் வேண்டலும் ஐந்து நிமிடம், வரவேற்பு மூன்று நிமிடம், உடனே பெயர் அழைப்பு. அதன்பின் ஒளியேற்றம், பிளஸ் 1 பிள்ளைகளின் கலை நிகழ்ச்சி 25 நிமிடம், பிளஸ் 2இல் மூவர் பேச்சு தலா மூன்று நிமிடம், தலைமையாசிரியர் ஏழு நிமிடம், நன்றியுரை, நாட்டுப்பண். சிறப்பு விருந்தினர் தேவையில்லை. கட்டாயம் என்றால் பத்து நிமிடம் என்று அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

கலை நிகழ்ச்சிப் பாடல்களை வரியோடு எழுதி வாங்கிப் பாருங்கள். 'பட்டம் கொடுத்தல்' என்ற பெயரில் நிறம், உயரம், உடம்பு, சாதி, காதல் இவற்றைக் குறிவைக்கும் எதையும் அனுமதிக்க வேண்டாம். அந்த நாளைப் பற்றிப் பிள்ளை வாழ்நாள் முழுக்க நினைவில் வைப்பது அந்த ஒரு பட்டமாகப் போய்விடும். புகைப்படத் தொகுப்பு காட்டுவதாக இருந்தால் 120 பேரும் ஒரு படத்திலாவது இருக்கிறார்களா என்று பெயர்ப் பட்டியலை வைத்துச் சரிபாருங்கள். எப்போதும் மேடையில் நிற்கும் இருபது பேரே திரும்பத் திரும்ப வந்தால் மற்ற நூறு பேரும் பார்வையாளர்கள் ஆகிவிடுவார்கள்.

நினைவுப் பொருள்

எல்லாருக்கும் ஒரே பொருள். செலவு குறைவாக இருக்கட்டும்: ஒரு நல்ல நீல மைப் பேனா, வகுப்பாசிரியர் கையால் எழுதிய ஓர் அட்டை. மதிப்பு அட்டையில்தான் இருக்கிறது. மூன்று வரி போதும், ஆனால் அந்த மூன்றும் அந்தப் பிள்ளைக்கு மட்டுமே பொருந்த வேண்டும். "வாழ்வில் உயர்க" என்பது யாருக்கும் பொருந்தும். "ஆய்வகத்தில் எல்லாரும் போன பிறகு பிப்பெட்டுகளைக் கழுவி நிறுத்தி வைத்துவிட்டுப் போவாய், ரம்யா. நான் பார்த்திருக்கிறேன்" என்பது அவளுக்கு மட்டும். நாற்பது அட்டை எழுத ஒரு நாளில் முடியாது. அரையாண்டு விடுமுறையிலேயே தொடங்கி ஒரு நாளைக்கு ஐந்து என்று எழுதுங்கள். ஒரு பிள்ளையைப் பற்றி எழுத ஒன்றுமே தோன்றவில்லை என்றால், ஜனவரி முழுவதும் அந்தப் பிள்ளையைக் கவனிக்க வேண்டும் என்று அர்த்தம்.

சாப்பாடு

120 மாணவர்கள், ஆசிரியர்கள், அலுவலகத்தார், துப்புரவுப் பணியாளர், காவலாளி, வேன் ஓட்டுநர் என்று 160 பேர். கிலோ அரிசிக்கு எட்டுப் பேர் கணக்கில் 20 கிலோ. இதில் சைவம் 30 பேர் என்றால் 4 கிலோ தனி அண்டாவில், தனிக் கரண்டியோடு. மீதி 16 கிலோ அரிசிக்கு 16 கிலோ கோழி. ஹலால் கடையில் வாங்கினால் எல்லாரும் சாப்பிடலாம். தயிர்ப் பச்சடிக்கு 6 கிலோ வெங்காயம், 8 லிட்டர் தயிர். குடிநீர் 20 லிட்டர் கேன் பன்னிரண்டு. பரிமாறும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்புதான் தம் இறங்க வேண்டும். காலை 9 மணிக்கே செய்து மூடி வைத்த பிரியாணி 1 மணிக்கு வயிற்றைக் கெடுக்கும், அடுத்த வாரம் செய்முறைத் தேர்வு இருக்கிறது. பிள்ளைகளை உட்கார வைத்து ஆசிரியர்களே பரிமாறுங்கள்.

கிளம்பும் நேரம்

சட்டையில் கையெழுத்துப் போடும் பழக்கத்தைத் தடுப்பதைவிட மாற்று கொடுப்பது எளிது. பொதுத்தேர்வுக்கும் அதே சீருடைதான் வேண்டும் என்று நினைவூட்டி, பிரிவுக்கு மூன்று மீட்டர் காடாத் துணியும் பத்து மார்க்கர் பேனாவும் கொடுங்கள். துணியின் அடியில் பழைய செய்தித்தாள் விரித்தால் மை மேசையில் இறங்காது.

2 மணிக்கு அனுப்பிவிடுங்கள். வாசல் வரை இருபுறமும் பிளஸ் 1 பிள்ளைகளும் ஆசிரியர்களும் நின்று கைதட்ட, நடுவே அவர்கள் நடந்து போகட்டும். இருசக்கர வண்டி எடுத்து வரக் கூடாது என்பதைப் பெற்றோருக்குக் கடிதமாகவே ஒரு வாரம் முன்பு அனுப்புங்கள். பதினெட்டு முடியாத பிள்ளைகள் மூவராக ஏறிக் கிளம்புவது இந்த ஒரு நாளில்தான் அதிகம். விடைபெறும் உணர்ச்சியோடு சாலையில் இறங்குபவர்களைக் கவனிக்க வாசலிலும் பேருந்து நிறுத்தத்திலும் மாலை 3 மணி வரை இரண்டு ஆசிரியர்கள் நிற்க வேண்டும்.

நுழைவுச்சீட்டு மந்திரிப்பு

வழியனுப்பு விழா நாளில் பெரும்பாலும் ஹால் டிக்கெட் வந்திருக்காது. சீட்டை மந்திரிப்பது (ஆசீர்வதிப்பது) தனி நாள். கொடுக்கும் அன்று காலை வழிபாட்டில் பத்து நிமிடம் போதும். இங்க்ஜெட்டில் அச்சிட்ட சீட்டில் தீர்த்தம் பட்டால் எழுத்து கரையும், படமும் பதிவெண்ணும் மங்கும். ஒளிபுகும் பிளாஸ்டிக் உறையில் போட்ட பிறகே ஃபாதரிடம் நீட்டச் சொல்லுங்கள்.

விழாவுக்கு வராத பிள்ளைகளின் பேனாவையும் அட்டையையும் தலைமையாசிரியர் அறை அலமாரியில் பெயரெழுதி வைத்து, இதே நாளில் கையில் கொடுங்கள். ஆசீரும் இங்கேயே கொடுக்கலாம். இந்த நாளுக்கும் வராவிட்டால் வகுப்பாசிரியர் வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும். தேர்வெழுதாமல் நின்றுவிடும் பிள்ளை பெரும்பாலும் இந்தப் பட்டியலில்தான் இருக்கும். தேர்வுக்கு இன்னும் சில நாட்கள் கையில் இருக்கும்போதே அதைத் தெரிந்துகொள்வது நல்லது.